சிறகு நரம்பைப் படித்த சர் ஜார்ஜ் ஹாம்ப்சன்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்குவோர், துளை விழுந்த காயைக் கண்டால் ஒதுக்கிவிடுவர். துளைத்தது ஒரு புழு. அது வளர்ந்தால் மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட அந்துப்பூச்சியாகும். ஆமணக்குக் காயைத் துளைக்கும் பூச்சியும் அச்சாக அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றா, வேறா? இத்தகைய வினாக்களை ஆராய நம் நாட்டில் வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் சர் ஜார்ஜ் ஹாம்ப்சன்.

1860-இல் பிறந்த ஹாம்ப்சன், ஆக்ஸ்போர்டில் பயின்றபின் நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டக்காரரானார். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தினர் நம்மிற் பலர். அவரும் கடல் கடந்தே வந்தார். ஆனால் ஆளும் கூட்டத்தவராக வந்தார் என்பதையும் மறப்பதற்கில்லை. அங்கேதான் அவருக்கு அந்துப்பூச்சிகள்மீது நாட்டம் பிறந்தது. தாயகம் திரும்பி, இலண்டன் இயற்கைப் பொருட்காட்சிச்சாலையில் ஊதியமின்றி உழைத்தார். நீலகிரிப் பூச்சிகளைப் பற்றிய அவர் நூல் 1891-இலும், இலங்கைப் பூச்சிகளைப் பற்றியது 1893-இலும் வெளிவந்தன. 1895-இல் அங்கேயே பதவி கிடைத்தது. மறு ஆண்டு குடும்பப் பட்டமும் வந்து சேர்ந்தது.

1892 முதல் 1896 வரை அவர் நான்கு தொகுதிகள் எழுதி முடித்தார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் அந்துப்பூச்சிகள் 5,000-க்கும் மேல் அவற்றுள் அடங்கின. நிறம் ஏமாற்றும், பழைய பூச்சியில் செதில் உதிர்ந்து நிறமே இராது. ஆதலின் அவர் நரம்புகளை நம்பினார். பின் ஓரத்திலிருந்து எண்ணினால் முன்சிறகில் 12 வரை, பின்சிறகில் 8 வரை நரம்புகள் வரும். எது எதனோடு கூடுகிறது, நடு அறையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று ஒவ்வொரு பேரினத்துக்கும் எழுதிவைத்தார். சிறகின் அடிப்புறத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பாருங்கள்: நரம்புகள் சில நொடி துலங்கும், உலர்ந்ததும் மறைந்துவிடும். அந்தச் சில நொடிகளில் கண்டு எழுத வேண்டும்!

பின்சிறகின் 5-ஆம் நரம்பையே எடுத்துக்கொள்வோம். ஆமணக்கு இலையைத் தின்னும் புழுக்கள் இரண்டு. புகையிலைப் புழுவின் பூச்சியில் அந்நரம்பு மெலிந்து, அறைச்சுவரின் நடுவில் தோன்றும். காவடிப்புழுவின் பூச்சியிலோ தடித்து, 4-ஆம் நரம்பை ஒட்டித் தோன்றும். நிறம் பாராமலே பிரித்துவிடலாம்.

ஆயினும் நரம்பு பேரினம்வரைதான் கைகொடுக்கும்; நெருங்கிய இனங்களுக்கு அது பெரும்பாலும் ஒன்றே. வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்க்கும் முறை அவர் காலத்திலேயே பரவி வந்தும், அவர் சிறகையே பெரிதும் நம்பியிருந்தார். இதை அவருடைய பெருங்குறை என்றே சொல்வேன். மஞ்சள் பூச்சியை அவருடைய நான்காம் தொகுதியில் ஒரே இனமாகத்தான் காண்கிறோம். ஏலத்தைத் துளைப்பது வேறு இனம் என்று 2018-இல்தான் பிரித்து, சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயரிட்டனர். ஆமணக்கில் பெருகுவது ஏலத்துக்குத் தாவுமோ என்று அஞ்சும் தோட்டக்காரனுக்கு இது வெறும் பெயர்ச் சண்டையா, சொல்லுங்கள்!

உலகத்து அந்துப்பூச்சிகளுக்கான பெரும்பட்டியலில் 1898 முதல் 1920 வரை உழைத்த ஹாம்ப்சன், 1936 அக்டோபரில் மறைந்தார். அந்த 5-ஆம் நரம்பு தடித்த கூட்டத்தின் பெரும்பகுதியை இந்நூற்றாண்டின் மரபணு ஆய்வு எரிபிடே என்னும் தனிக்குடும்பமாக வைத்திருக்கிறது. ஆமணக்குக் காவடிப்புழு இப்போது அதில்தான் இருக்கிறது.