மூடுபனியில் ஒரு படகுப் பயணம்

1927ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதியில், நியூயார்க் விரிகுடாவை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு நாளில், முப்பது வயதுப் பெண்ணொருவர் ஸ்டேட்டன் தீவுக்குப் படகேறினார். தீவின் தென்கோடியிலுள்ள டாட்டன்வில் தேவாலயத்தில் அவருக்குத் திருமுழுக்கு நிகழவிருந்தது. உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்னும் ஐயமே வழிநெடுக உடன்வந்தது. அவர்தாம் டோரதி டே.

1897இல் புரூக்ளினில் பிறந்த டோரதி, இளமையிலேயே இடதுசாரி இதழ்களில் எழுதியவர். பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1917இல் சிறை சென்றவர். தம் புதினத்தின் திரைப்பட உரிமையை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் ஒரு சிறு வீடு வாங்கினார். அங்கே ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம் என்பவருடன் வாழ்ந்தார். 1926இல் மகள் பிறந்தாள். அந்தப் பேரின்பமே அவரை இறைவன்பால் திருப்பியது. ஃபார்ஸ்டரோ சமயத்தையும் திருமணத்தையும் ஏற்காதவர். இறைவனை அடைய, நேசித்தவரை இழக்க வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுத்த பின்னரே டோரதி படகேறினார்.

பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம். 1933 மே முதல் நாள், பீட்டர் மோரினுடன் இணைந்து ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ என்னும் இதழைத் தொடங்கினார். விலை ஒரே ஒரு சென்ட். இதழைத் தொடர்ந்து விருந்தோம்பல் இல்லங்கள் தோன்றின. பசித்து வந்தவரிடம் அங்கே தகுதி கேட்கப்படவில்லை. இரண்டாம் உலகப்போரின்போதும் போர் கூடாது என்றே எழுதினார், வாசகர் பலர் விலகினர், அவர் விலகவில்லை. 1973இல், எழுபத்தைந்தாம் வயதில், கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளருக்காக இறுதி முறையாகச் சிறை புகுந்தார். 1980 நவம்பர் 29 அன்று, வீடற்ற பெண்களுக்காக அவ்வியக்கம் நியூயார்க்கில் நடத்திய இல்லத்திலேயே மறைந்தார். அவரது உடல் ஸ்டேட்டன் தீவு மண்ணில் அடங்கியது.

2023 ஏப்ரலில், அவர் பெயர் தாங்கிய பயணிகள் படகு அதே விரிகுடாவில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 4,500 பேரை ஏற்றவல்லது அது. டோரதி ஐந்து சென்ட் கொடுத்துச் சென்ற அந்த வழியில், 1997 முதல் கட்டணம் இல்லை. பணிக்கு விரைபவரும் போக்கிடமற்றவரும் ஒன்றாகவே ஏறுகின்றனர். எவரிடமும் எதுவும் கேளாமல் அக்கரை சேர்க்கும் கலத்துக்கு, எவரிடமும் எதுவும் கேளாமல் சோறிட்டவரின் பெயர் பொருந்தியிருக்கிறது. ஐயத்தோடு அவர் கடந்த நீர்வழியில், அப்பெயர் நாள்தோறும் போய்வருகிறது.