சேரியும் கல்வெட்டும்: சதாசிவ பண்டாரத்தாரை நாம் ஏன் வாசிக்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருப்பனந்தாளில் நடந்த கூட்டமொன்றில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் முதலாம் இராசராசனின் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தார். அவ்வாட்சியில்தான் தலித் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது என்பது அவர் பேச்சின் சாரம். அவர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. தொலைக்காட்சி விவாதங்களிலும் சமூக ஊடகங்களிலும் பல வாரங்கள் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது: இதற்குச் சான்று எங்கே?

கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்டவர்களிலும் பதில் சொல்ல முயன்றவர்களிலும் கல்வெட்டுகளைப் படித்திருந்தவர்கள் மிகச் சிலர். சோழர் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன என்பதை ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகரும் தெரிந்துகொள்ள வழிசெய்தவர் அதே கும்பகோணம் வட்டாரத்தில் பிறந்த ஒரு பள்ளித் தமிழாசிரியர். அவர் பெயர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அவருடைய வாழ்க்கையையும் பணியையும் அம்பேத்கரிய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரை. அவர் எழுதியவற்றை அப்படியே ஏற்பதற்காக அன்று. அவர் திறந்துவைத்த ஆவணங்களுக்குள் நம்முடைய கேள்விகளோடு நுழைவதற்காக.

திருப்புறம்பியத்துச் சிறுவன்

பண்டாரத்தார் 1892 ஆகஸ்ட் 15 அன்று திருப்புறம்பியத்தில் பிறந்தார். தந்தை வைத்தியலிங்க பண்டாரத்தார். தாய் மீனாட்சி அம்மாள். சைவப் பற்று மிகுந்த குடும்பம். கொள்ளிடத்துக்குத் தெற்கே, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் அவ்வூர் தமிழக வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்றைக் கண்ட இடம். கி.பி. 880-ஐ ஒட்டி அங்கு நடந்த போரில் பல்லவன் அபராசிதனும் கங்க மன்னன் பிருதிவீபதியும் ஒருபுறம் நின்றனர். பாண்டியன் வரகுணன் எதிர்ப்புறம் நின்றான். பாண்டியன் தோற்றான், கங்கன் களத்திலேயே மாண்டான். பல்லவர் பக்கம் நின்ற சோழர்களே பின்னாளில் அவ்வெற்றியின் பலனை அறுவடை செய்தனர். அந்தக் களத்தின்மேல் உழவு நடந்துகொண்டிருந்த ஊரில்தான் சோழர் வரலாற்றை எழுதப்போகிறவர் வளர்ந்தார்.

அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். கும்பகோணத்தில் பள்ளிக் கல்வி முடித்தார். தமிழ் இலக்கண இலக்கியங்களை ஆசிரியர்களை அடுத்துக் கற்றார். து. அ. கோபிநாத ராவ் தமிழில் எழுதிய சோழர் வரலாற்றுச் சுருக்கம் இளம்வயதில் அவரைக் கல்வெட்டு ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது. 1917 முதல் 1942 வரை கும்பகோணம் வாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கு நேரில் சென்று சுவர்களில் இருந்த எழுத்துகளைப் படித்தார். படித்தவற்றை இலக்கியச் செய்திகளோடு ஒப்பிட்டு இதழ்களில் கட்டுரைகளாக எழுதினார். 1930-இல் முதற் குலோத்துங்க சோழனைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1940-இல் பாண்டியர் வரலாறு வந்தது. 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் இருந்த சான்று

அக்காலச் சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இப்பணியின் அளவு விளங்கும். கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் வெட்டப்பட்டவை. அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தது பிரித்தானிய இந்திய அரசின் தொல்லியல் துறை. ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன; தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முன்னுரைகளும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930-களில் எழுதிய சோழர் பெருநூலும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தன் ஊர்க் கோயில் சுவரில் தன் மொழியில் இருக்கும் ஆவணத்தின் பொருளை அறிய ஒரு தமிழர் ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது.

பண்டாரத்தார் அந்த நிலையை மாற்றினார். பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949-இல் வெளியிட்டது. இரண்டாம் பகுதி 1951-இல் வந்தது. ஆட்சிமுறையையும் சமூக நிலையையும் பேசும் மூன்றாம் பகுதி 1961-இல், அவர் மறைவுக்குப் பின் வெளியாயிற்று. விசயாலயன் தொடங்கி மூன்றாம் இராசேந்திரன் வரை ஏறத்தாழ நானூற்று முப்பது ஆண்டுகால வரலாறு அது. ஒவ்வொரு செய்திக்கும் எந்தக் கோயில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தொகுதியில் எந்த எண் என்று அடிக்குறிப்பில் காட்டினார். கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது துணைகொண்ட வரலாற்று நூல்களில் இதுவும் ஒன்று. அந்த நாவல் வழியே சோழரைக் காதலிக்கத் தொடங்கிய பல்லாயிரம் பேர், நாவலுக்கு முன்னால் இருந்த இந்த அடிக்குறிப்புகளை அறியமாட்டார்கள்.

அவருடைய முறைக்கு உடையார்குடிக் கல்வெட்டு நல்ல எடுத்துக்காட்டு. காட்டுமன்னார்கோயிலில் உள்ள அக்கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இரண்டாம் ஆதித்தனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுள் இருவர் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி கருதினார். பண்டாரத்தார் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்பதில் இன்றும் விவாதம் உண்டு. புகழ்பெற்ற பல்கலைக்கழகப் பேராசிரியரின் முடிவை ஒரு தமிழாசிரியர் சான்றைக் காட்டி மறுக்க முடிந்தது என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது. ஒரு வழக்கறிஞராக நான் அக்கல்வெட்டில் வேறொன்றையும் காண்கிறேன். அது பேசுவது குற்றவாளிகள், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் சொத்துப் பறிமுதலைப் பற்றி மட்டுமே. அரச குடும்பத்தவனைக் கொன்றவர்களுக்கான மரண தண்டனை பற்றி அதில் பேச்சில்லை. குற்றவாளியின் வருணத்துக்கும் தண்டனையின் அளவுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை அந்த மௌனம் எழுப்புகிறது.

சுவருக்கு வெளியே நின்றவர்கள்

இங்கு ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். பண்டாரத்தார் கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுப் படித்த ஆண்டுகளில் பெரும்பகுதி, ஆலய நுழைவு உரிமை இல்லாத ஆண்டுகள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலையில். அதைத் தொடர்ந்து அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1947-இல் விரிவான சட்டம் வந்தது. அதுவரை காவிரிப் படுகையின் மிகப் பெரிய ஆவணக் காப்பகம் எந்தச் சுவர்களில் இருந்ததோ, அந்தச் சுவர்களை நெருங்க நம் முன்னோருக்கு அனுமதி இல்லை. அந்த வயல்களில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அவர்கள்தாம். வயலின் அளவும் விளைச்சலும் வரியும் எழுதப்பட்ட கல்லை அவர்கள் பார்க்கக்கூடாது.

தமிழில் நமக்கான வரலாற்றைத் தேடும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை பௌத்த வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவர் நிகண்டுகளையும் ஓலைகளையும் வாய்மொழி மரபையும் கையாண்டார். கோயில் கல்வெட்டு என்னும் ஆவணம் வேறு கைகளில் இருந்தது. பண்டாரத்தார் அதைத் தமிழில் தந்தபோது மொழியின் பூட்டு திறந்தது. நுழைவின் பூட்டை உடைத்தவர்கள் ஆலய நுழைவுப் போராளிகள். இரண்டும் திறந்த பின்பே நாம் உள்ளே சென்று படிக்க முடிகிறது.

கல்லில் சேரி

உள்ளே என்ன இருக்கிறது? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் பட்டியல் கோயில் சுவர்களிலேயே வெட்டப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலமும் வேலிக் கணக்கில், மிக நுண்ணிய பின்னங்கள் வரை சொல்லப்படுகிறது. அதிலிருந்து வரியில்லா நிலங்கள் கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நிலத்துக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து தர வேண்டிய நெல் குறிக்கப்படுகிறது. கழிக்கப்படும் இடங்களின் வரிசையில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, சுடுகாடு என்பனவும் வருகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளாளர் சுடுகாடும் பறையர் சுடுகாடும் தனித்தனியே குறிக்கப்பட்ட ஊர்களும் உண்டு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்பும் இடுகாடும் சாதியால் பிரிக்கப்பட்டிருந்தன என்பதற்கு அரசே வெட்டிய சான்று இது. எதிர்த்தரப்பே தாக்கல் செய்த ஆவணம் போன்றது; மறுக்க முடியாது. அதேவேளை அந்த ஆவணம் சொல்லாததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தீண்டாமையைத் தொடங்கியவன் இராசராசன் என்று அது சொல்லவில்லை. அந்த நிலம் அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்றும் சொல்லவில்லை. அவன் ஆட்சி அப்பிரிவினையைத் தன் நில அளவைக்குள் ஏற்றுப் பதிவுசெய்து, வரிக்கணக்கின் பகுதியாக்கியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அதுவே போதுமான குற்றச்சாட்டு. கூடுதலாகச் சொல்ல வேண்டுமானால் கூடுதல் சான்று தேட வேண்டும்.

அடிமைமுறைக்கும் சான்றுகள் உண்டு. 1201-ஐ ஒட்டி, மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சத்தில் சிக்கிய வெள்ளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு தம்மையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்த காலம் அது. உயர்நிலையில் இருந்த வெள்ளாளருக்கே அக்கதி என்றால், நிலமே இல்லாதவரின் நிலை என்னவாக இருந்திருக்கும்? அவர்களின் கதையை எழுத எவரும் கல் தரவில்லை.

பண்டாரத்தாரின் நூலுக்கு முதுகெலும்பு அரசர்களின் வரிசை. போர்கள், மெய்க்கீர்த்திகள், அரசியர், திருப்பணிகள் என்று அது நகர்கிறது. மூன்றாம் பகுதியில் சமூகம் இடம்பெற்றாலும், அவர் நோக்கு கோபுரத்திலிருந்து ஊரைப் பார்ப்பது. சோழரின் பெருமையைத் தமிழரின் பெருமையாகக் கண்ட தலைமுறை அவருடையது. சேரியிலிருந்து கோபுரத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்பது அவர் கேட்ட கேள்வி அன்று. அவருக்குப் பின் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு போன்றோர் கல்வெட்டுகளைக் கொண்டு நில உடைமையையும் சாதியையும் ஆராய்ந்தனர். கராஷிமா கல்வெட்டுகளில் தீண்டாமை பற்றித் தனியே எழுதினார். பாதை நீண்டிருக்கிறது, அதில் நம் ஆய்வாளர்கள் இன்னும் பலராக நடக்க வேண்டும்.

வழக்கும் வரலாறும்

டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றின் சுடுகாட்டுப் பாதை வழக்கில் நான் ஆஜராகியிருக்கிறேன். சேரி மக்கள் பிணத்தை வயலில் இறங்கித்தான் தூக்கிச் செல்ல வேண்டும். ஊர்த்தெரு வழியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கு வழக்கம். வரைபடத்தில் ஊர் நத்தம் ஓரிடம், சேரி ஓரிடம், இரண்டு சுடுகாடுகள். அந்தத் தாளைப் பார்த்தபோது தஞ்சைக் கோயில் கல்வெட்டின் வரிசைதான் என் நினைவுக்கு வந்தது. வேலி ஏக்கராகவும் ஹெக்டேராகவும் மாறியிருந்தது. பிரிவினை மாறவில்லை.

சட்டம் மாறியிருக்கிறது. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. குடியிருப்பு மனை உழைப்பாளிக்கே சொந்தம் என்னும் சட்டம் 1971-இல் வந்தது. பொதுப் பாதையையும் சுடுகாட்டையும் மற்றவர்க்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2016 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம். இவை எல்லாம் டெல்டாவின் உழைக்கும் மக்கள் ரத்தம் சிந்திப் பெற்றவை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஆவணத்தை யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார் என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிடச் சான்று வேண்டாம்.

பண்டாரத்தார் தம் கடைசி ஆண்டுகளில் மீண்டும் காவிரிக் கரை ஊர்களுக்கே திரும்பினார். காவிரிப்பூம்பட்டினம் பற்றியும் செம்பியன் மாதேவி ஊரின் தலவரலாறு பற்றியும் 1959-இல் அவர் நூல்கள் வந்தன. 1960 ஜனவரி 2 அன்று அவர் மறைந்தார். அவருடைய நூல்கள் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய கோயில் இருந்தால், அதன் கல்வெட்டுகள் எந்தத் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளன என்று தேடுங்கள். நத்தம், சேரி, சுடுகாடு, குளம், வாய்க்கால் என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள இன்றைய வரைபடத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். எங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும் உள்ளே போக முடியாத இடத்தில் இருந்த ஆவணம் அது. அடுத்த முறை எவரேனும் சான்று எங்கே என்று கேட்டால், தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் சொல்ல நம்மால் முடிய வேண்டும்.