துறைமுகக் குமாஸ்தாவுக்குத் திறந்த கதவு

சென்னைத் துறைமுகம். ஆண்டு 1912.

கப்பலில் இருந்து பெட்டிகள் இறங்குகின்றன. கூலி ஆட்கள் மூட்டை சுமக்கிறார்கள். எங்கும் ஒரே சத்தம். அந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு குமாஸ்தா நடமாடுகிறார். குட்டையான உருவம். பருத்த உடம்பு. ஒளி வீசும் கண்கள்.

அவர் எதையோ தேடுகிறார். பெட்டிகளில் சுற்றி வந்த காகிதம் கீழே கிடக்கிறது. அதை ஆவலுடன் எடுத்துக் கொள்கிறார். எதற்கு? கணக்குப் போட! நல்ல காகிதம் வாங்க அவரிடம் பணம் இல்லை.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜம். அப்போது அவருக்கு வயது 24. கல்லூரிப் பட்டம் கிடையாது. பட்டம் என்ன, எப்.ஏ. பரீட்சையிலேயே அவர் தேறவில்லை. அப்படிப்பட்டவரை மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டது. அது எப்படி நடந்தது?

பரீட்சையில் தோல்வி

ராமானுஜம் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். ஏழைக் குடும்பம்.

பையன் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். 1903-ம் ஆண்டில் ஒரு புத்தகம் அவன் கைக்குக் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அதில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. அவை எப்படி வந்தன என்ற விளக்கம் மிகக் குறைவு. பையன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தான். பிறகு புதிய முடிவுகளையும் கண்டுபிடிக்கத் தொடங்கினான். அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். அந்தப் புத்தகத்தைப் போலவே, முடிவை மட்டும் எழுதினான். வழியை எழுதவில்லை! இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1904-ல் மெட்ரிகுலேசன் தேறினார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. ஆனால் எந்த வகுப்பிலும் அவர் கணக்கே போட்டுக்கொண்டு இருந்தார். இங்கிலீஷில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்ட வீட்டில் வழி இல்லை. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார்.

மறு ஆண்டு சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே நல்ல வாத்தியார்கள் வாய்த்தார்கள். கணித ஆசிரியர் ராமானுஜாச்சாரியார் பலகை நிறைய ஒரு கணக்கைப் போடுவார். ராமானுஜம் எழுந்து மூன்று, நான்கு வரியில் அதை முடித்துக் காட்டுவார். ஆசிரியருக்குக் கோபம் வராது. பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இன்னும் ஒரு படி மேலே போனார். கணிதப் பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளை மாணவருடன் சேர்ந்து போட்டார். மாணவனிடம் தோற்பதை அவமானமாக நினைக்காத ஆசிரியர்கள் அவர்கள்.

இருந்தும் என்ன? எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. உடலியல் பாடம் ராமானுஜத்துக்கு வேப்பங்காய். 1906 டிசம்பரில் எப்.ஏ. எழுதினார். தோல்வி. 1907-லும் எழுதினார். மறுபடியும் தோல்வி. கல்லூரிக் கதவு மூடியது. கணிதத்தில் ஈடு இணை இல்லாத ஒருவரை உடலியல் பாடம் வெளியே நிறுத்தியது!

வேலை தேடி அலைந்தார்

அடுத்த சில ஆண்டுகள் வறுமை. டியூஷன் சொல்லிக் கொடுத்தார். அதுவும் சரியாக நடக்கவில்லை. பாடத்தை விட்டுவிட்டுத் தம் கணக்குக்குப் போய்விடுவார். காகிதம் விலை அதிகம். ஆகவே சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். துணியைத் தேடினால் நேரம் போய்விடுமாம்! 1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது பத்து. இனி சம்பாதித்தே தீர வேண்டும்.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை தரும்படி ராமானுஜம் கேட்டார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர் மறுத்துவிட்டார். இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் புதைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்தில் இருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். அவருக்குப் பாரமாக இருக்க ராமானுஜத்துக்கு மனம் இல்லை.

1912 மார்ச் 1-ந் தேதி துறைமுகக் கழகத்தில் கணக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். தாயாரும் ஜானகி அம்மாளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். காலையில் ஆபீசுக்குப் போகும் முன்பு கணக்கு. மாலையில் திரும்பியதும் கணக்கு. சில நாட்களில் விடிய விடியக் கணக்கு!

இரண்டு சிலேட்டுகள்

துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் பெரிய எஞ்சினீயர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் மானேஜர் நாராயண ஐயர். இவர் எம்.ஏ. படித்தவர். முன்பு திருச்சியில் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

மாலை நேரத்தில் மானேஜரும் குமாஸ்தாவும் ஆளுக்கு ஒரு சிலேட்டுடன் உட்காருவார்கள். இரவு நெடுநேரம் சிலேட்டுக் குச்சி ஓடும். ராமானுஜம் பத்துப் படிகளை இரண்டே படியில் தாண்டி விடுவார். தமக்கே புரியாதபோது மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று நாராயண ஐயர் கேட்பார். ஒவ்வொரு படியாக எழுதச் சொல்லுவார். ராமானுஜத்தின் ஆராய்ச்சி வெளி உலகுக்குப் போக அந்த வற்புறுத்தலும் ஒரு காரணம். அதோடு அவர் நிற்கவில்லை. மேலதிகாரி ஸ்பிரிங் துரையிடமும் இந்தக் குமாஸ்தாவைப் பற்றி விடாமல் பேசினார்.

லண்டனில் ஒரு பேராசிரியருக்குக் கணக்குகள் போயின. விளக்கம் போதாது என்றும், இன்ன நூலைப் படிக்கலாம் என்றும் அவர் பதில் எழுதினார். கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இருவரும் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி ராமானுஜம் ஹார்டி என்ற கேம்பிரிட்ஜ் அறிஞருக்கு எழுதினார். தாம் துறைமுகக் கழகக் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஹார்டி கணக்குகளைப் பார்த்தார். திகைத்தார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார்.

அதே பிப்ரவரி மாதம் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் அவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர். ஸ்பிரிங் துரை குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் ராமானுஜம் கணிதம் ஒன்றையே கவனிக்கப் பல்கலைக்கழகம் உதவ வேண்டும் என்று கேட்டார்.

விதி குறுக்கே நின்றது

மார்ச் 19-ந் தேதி பல்கலைக்கழகக் கணிதப் பாடக் குழு கூடியது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுக்கலாம் என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. ஏப்ரல் 7-ந் தேதி சிண்டிகேட் முன்பு விஷயம் வந்தது. அங்கேதான் சிக்கல்! இத்தகைய உதவி எம்.ஏ. போன்ற பட்டம் பெற்றவர்களுக்கே உரியது என்பது விதி. ராமானுஜம் எப்.ஏ. தேறாதவர்.

அப்போது உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார் என்பார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்று அவர் நினைவூட்டினாராம். ஆராய்ச்சி செய்ய வல்லவர் என்று தெரிந்த பிறகு பட்டத்தை ஏன் கேட்க வேண்டும்? சிண்டிகேட் ஒப்புக்கொண்டது. சட்டத்தின் நோக்கம் விதியை வென்றது!

துறைமுகக் கழகமும் தாராளமாக நடந்துகொண்டது. அவருக்கு இரண்டு ஆண்டு விடுமுறை கொடுத்தது. மே 1-ந் தேதி முதல் அவர் ஆராய்ச்சி மாணவர். பரீட்சை கிடையாது. உடலியல் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன கண்டுபிடித்தார் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச் என்று மூன்று அறிக்கைகள் கொடுத்தார். கன்னிமாரா நூல் நிலையத்துக்குப் போய்ப் படித்தார். வாழ்வில் முதல்முறையாக, கணக்குப் போடுவதே அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஆயிற்று.

இதில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ராமானுஜம் ஏழை. ஆனாலும் இங்கிலீஷ் தெரிந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கலெக்டர் வீட்டுக் கதவைத் தட்ட அவருக்கு ஒரு வழி இருந்தது. அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகனுக்கு அந்த வழி இருந்ததா? அந்தக் காலத்தில் பள்ளிக்கூடமே அவனுக்கு எட்டாக் கனி.

அதே துறைமுகத்தில் கப்பல்

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்து நெவில் என்ற அறிஞர் சென்னைக்கு வந்தார். ராமானுஜத்தை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடந்தால் சாதி விலக்கு என்று குடும்பம் அஞ்சியது. நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்ததாகச் சொல்லித் தாயார் பிறகு இசைந்தார். பணம்? மறுபடியும் பல்கலைக்கழகமே முன்வந்தது. ஆண்டுக்கு 250 பவுன் உதவி. கப்பல் செலவும் உடைச் செலவும் தனி.

1914 மார்ச் 17-ந் தேதி 'நெவாசா' என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. காகிதம் பொறுக்கிய குமாஸ்தா அதில் பயணம் செய்தார். தம் உதவித் தொகையில் இருந்து மாதம் 60 ரூபாய் தாயாருக்குச் சேரும்படி ஏற்பாடு செய்துவிட்டே போனார்.

கேம்பிரிட்ஜும் அவருக்காக விதியைத் தளர்த்தியது. ஹார்டி அவரை முதல் பாடத்தில் இருந்து படிக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அவருடைய தன்னம்பிக்கை குலைந்துவிடும் என்று அஞ்சினார். தேவையானதைத் தேவையான போது சொல்லிக் கொடுத்தார். அவரிடம் இருந்து தாமும் கற்றுக்கொண்டார். 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கௌரவித்தது.

ஏழைப் பிள்ளைகளுக்காக

ஆனால் உடல் நலம் கெட்டது. போர்க்காலம். குளிர். மரக்கறி உணவு கிடைப்பது அரிது. 1917 முதல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருந்தார். இதை அறிந்த சென்னைப் பல்கலைக்கழகம், ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுப்பதாக அறிவித்தது.

1919 ஜனவரி 11-ந் தேதி ராமானுஜம் பதிவாளர் டியூஸ்பரிக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்தத் தொகை தமக்கு மிக அதிகம் என்று அதில் தெரிவித்தார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்தால் போதும். தம் அவசியச் செலவு போக மீதியைக் கல்விக்குச் செலவிட வேண்டும். முக்கியமாக, ஏழைப் பையன்களுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்பட வேண்டும். இதுவே அவர் கேட்டது. சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டு ஓடிய பையன் அல்லவா அவர்!

1919 ஏப்ரலில் சென்னை திரும்பினார். நோய் தீரவில்லை. படுக்கையிலும் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் அந்த ஆசையைக் கவனிக்க அவருக்கு ஆயுள் இல்லை. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார். ராமானுஜத்தின் கடைசிக் காலக் காகிதங்கள் டிரினிட்டி கல்லூரி நூல் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976-ல்தான் அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார்.

துறைமுகத்தை அடுத்த முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர் பி. கே. சீனிவாசன். அவர் ராமானுஜத்தின் கடிதங்களையும், அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடித் திரட்டினார். 1968-ல் அவை புத்தகமாக வந்தன. 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜம் பெயரில் ஒரு காட்சியகத்தையும் அவர் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆசை உண்டாக்கவே அது ஏற்பட்டது. துறைமுகக் குமாஸ்தாவின் படங்களும் கடிதப் பிரதிகளும் அங்கே வைக்கப்பட்டன.