நந்தனார் பள்ளி கண்ட சகஜானந்தர்

நமது சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன்பே இவ்வழி நடந்த சான்றோர் ஒருவரை நினைவுகூர்தல் நம் கடமையாகும். சிதம்பரம் நம் பழனிமலைக்கு நெடுந்தொலைவுதான். எனினும் அங்கே சுவாமி சகஜானந்தர் எதிர்கொண்ட இடரும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் நாம் காணும் இடரும் ஒன்றே.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27 ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் பயின்றபோது, அவரது அறிவுக் கூர்மை கண்டு சிகாமணி என்றழைத்தனர். பிற பள்ளிகள் நம்மவரை வாயிலிலேயே தடுத்த காலத்தில் அத்தகைய பள்ளிகள் இடமளித்தன. அந்த நன்றி மறக்கத்தக்கதன்று. ஆயினும் மதம் மாறும்படி கேட்டபோது அவர் இசையவில்லை; அங்கே அவர் படிப்பு அத்துடன் நின்றது. பிறர் கொடுக்கும் கல்வியைப் பிறரே நிறுத்திவிடவும் கூடும் என்ற பாடத்தை அவர் அன்றே கற்றிருப்பார் என நாம் எண்ணுகிறோம்.

பின்னர்ப் பிழைப்பை நாடிக் கோலார் தங்கவயல் சென்ற குடும்பத்தோடு அவரும் சென்றார். அதன்பின் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, ஞான நூல்களைக் கற்றுத் துறவு பூண்டு, சகஜானந்தர் ஆனார். 1910 இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

திருநாளைப்போவார் என்னும் நந்தனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வணங்கிய ஊர் அது. அவர் வழிவந்த பிள்ளைகளுக்கோ அங்கே எழுத்தும் எட்டாப் பொருளாயிருந்தது. இம்முரண் சுவாமிகளின் நெஞ்சைச் சுட்டது. நந்தனாரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஓமக்குளத்தில் மடம் அமைத்தார். தாம் மட்டும் வீடுபேறு எய்தினால் போதும் என்று அவர் இருக்கவில்லை. 1916 இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 25 பிள்ளைகளுடன் பள்ளியையும் திறந்தார்.

பள்ளி திறந்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? பண்ணையாள் வீட்டுச் சிறுவன் மாடு மேய்த்தால்தான் அவன் வீட்டில் கஞ்சி. அவனைப் படிக்க அழைப்பவர் அவன் பசிக்கும் விடை கூற வேண்டும். ஆகவே சுவாமிகள் உண்டி, உறையுள் இரண்டையும் கல்வியோடு சேர்த்தே எண்ணினார். தம் மக்களிடமும் நல்லெண்ணம் கொண்ட பிறரிடமும் உதவி திரட்டினார். பள்ளியுடன் விடுதியும் வளர்ந்தது.

1926 இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்ற அவர், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இறுதிவரை சட்டமன்றப் பணியில் இருந்தார். விடுதலைக்குப் பின் 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியில் வெற்றி பெற்றார். கல்வி, நிலம், ஆலயப் பிரவேசம் ஆகிய உரிமைகளுக்காக அங்கே வாதாடினார். 1959 ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் நட்ட விதை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகளாக இன்றும் நிழல் தருகின்றது.

இளைஞர்களே, இவ்வரலாற்றை நாம் எழுதுவது புகழ்மாலை சூட்டுவதற்காக மட்டுமன்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் நம் பள்ளிகளின் நிலை யாவரும் அறிந்ததே. பையன் பெயர் பதிவேட்டில் இருக்கும். பையன் தோட்டத்தில் இருப்பான். பருவம் முடிந்தபின் சிலர் திரும்பி வருவதேயில்லை. தலைமையாசிரியன் பெயரை அடிக்காமல் வைத்திருக்கலாம். பிள்ளையை அழைத்துவர ஊரார்தாம் எழ வேண்டும்.

நோட்டுப் புத்தகம் வழங்குவது நற்பணியே. அதனினும் பெரும்பணி, அப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவன் கூலி இல்லாமல் அக்குடும்பம் எவ்வாறு அந்த மாதங்களைக் கழிக்கும் என்று கேட்பது. நம்முள் படித்து உத்தியோகம் பெற்ற ஒவ்வொருவரும், பத்தாம் வகுப்புத் தேறும்வரை ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்போமாக. சுவாமிகள் 25 பிள்ளைகளோடுதான் தொடங்கினார். 25 ஆண்டு கண்ட நம்மால் அத்தனை பேரையேனும் இப்பருவத்தில் பள்ளியில் நிறுத்த இயலாதா?