விஷப் பூவை அளந்த வைத்தியர்

செடி கொடிகளைப் பற்றிப் படிப்பதென்றாலே வில்லியம் விதரிங்குக்கு வேப்பங்காய். அப்படிப்பட்டவர் ஒரு செடியினாலேயே உலகப் புகழ் பெற்றார்.

1741-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலுள்ள வெலிங்டன் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை மருந்து கலந்து கொடுத்து வைத்தியம் பார்த்து வந்தவர். மகன் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1766-ல் பட்டம் பெற்றார். அங்கே தாவர நூல் பேராசிரியர் தங்கப் பதக்கம் தருவதாகச் சொல்லி மாணவர்களுக்கு ஆசை காட்டினார். தங்கத்துக்காகக்கூட அந்தப் பாடத்தில் விதரிங்குக்கு மனம் செல்லவில்லை. பெற்றோருக்கு எழுதிய கடிதத்திலேயே இதைத் தெரிவித்து விட்டார்.

பேராசிரியரால் ஆகாத காரியம் ஒரு பெண்ணால் ஆயிற்று. 1767-ல் ஸ்டாபோர்டு நகரில் அவர் தொழில் தொடங்கினார். அங்கே அவரிடம் சிகிச்சை பெற்ற ஹெலனா குக்ஸ் என்ற பெண் பூக்களைச் சித்திரம் தீட்டுவதில் விருப்பமுள்ளவள். அவளுக்காக இளம் வைத்தியர் வயல் வரப்பெல்லாம் அலைந்து மலர் பறித்து வந்தார். 1772-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதற்குள் மலர்ப் பைத்தியம் அவரையும் பிடித்துக் கொண்டது. 1776-ல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையே வெளியிட்டு விட்டார்!

இதற்கிடையே 1775-ல் அவரிடம் ஒரு மருந்துச் சீட்டு வந்தது. ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி வெகு நாளாக ரகசியமாக வைத்திருந்த குடும்ப மருந்து அது. கைகால் வீங்கி, வயிறு பெருத்து, மூச்சு முட்டும் நீர்வீக்க நோய்க்கு அவள் அதைக் கொடுத்து வந்தாள். பெரிய வைத்தியர்கள் கைவிட்டவர்களில்கூடச் சிலர் பிழைத்தார்கள். ஆனால் மருந்து உள்ளே போனதும் வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கி விடும். (பிற்காலத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரம் இந்தக் கிழவிக்கு ஒரு பெயரும் சூட்டிப் படமும் போட்டது. விதரிங் அவள் பெயரை எங்குமே குறிக்கவில்லை.)

சீட்டில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. தாவரம் அறிந்தவருக்கு அவற்றில் வேலை செய்வது எது என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அது பாக்ஸ்குளோவ், வைத்திய நூல்களில் டிஜிடாலிஸ். வேலியோரங்களில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஊதா நிற மணிகளை ஒரே பக்கமாகத் தொங்கவிடும் அழகிய செடி. ஒவ்வொரு பூவும் விரலில் மாட்டிக் கொள்ளும் அளவில் இருக்கும். ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்குத் தையற்காரர் விரலில் போடும் அங்குஸ்தான் என்று பொருள். அதை வைத்துத்தான் 1542-ல் பூக்ஸ் என்ற அறிஞர் விரலைக் குறிக்கும் லத்தீன் பெயரை இட்டார். அழகுதான்; ஆனால் வேர் முதல் விதை வரை அத்தனையும் விஷம்.

செடியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. எவ்வளவு கொடுப்பது? சற்றுக் கூடினால் நோயோடு நோயாளியும் போய்விடுவான். அதே 1775-ல் விதரிங் பர்மிங்ஹாமுக்குக் குடி பெயர்ந்தார். தினம் ஒரு மணி நேரம் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வருவார்கள். அவர்களில் நீர்வீக்கக்காரர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். முதலில் அளவு மிகுந்து விட்டது. பிறகு குறைத்துக் கொண்டே வந்தார்.

வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. இலையைக் கொதிக்க வைத்தாலும் நிதானம் கிடைக்கவில்லை. இந்தச் செடிக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு தரையோடு இலை விரிக்கும். இரண்டாம் ஆண்டு பூத்து, விதைத்து, மடியும். அந்த இரண்டாம் ஆண்டில் பூ விரியும் சமயம் இலையைப் பறித்து, உலர்த்திப் பொடி செய்வதே நம்பத் தக்கது என்று முடிவு கண்டார். ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரெயின், நாளைக்கு இரு முறை. 1 கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்தான். சிறுநீர் பெருகினாலோ, குமட்டல் கண்டாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு போனாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவது விஷம் ஏறியதன் அடையாளம் என்பதையும் குறித்து வைத்தார்.

பத்து வருஷ அனுபவத்தை 1785-ல் புத்தகமாக்கினார். அதில் 163 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. குணமானவர்களை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் பெயர் இன்னும் ஓங்கியிருக்கும். அவரோ பலன் இல்லாமல் போனவர்களையும், இறந்தவர்களையும் சேர்த்தே எழுதினார். அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

அதற்கு முன்பே ஒரு மனக்கசப்பு நேர்ந்திருந்தது. பர்மிங்ஹாமுக்கு வரச் சொன்னவரே எராஸ்மஸ் டார்வின் என்ற வைத்தியர்தான்; பரிணாமக் கொள்கை கண்ட சார்லஸ் டார்வினின் பாட்டனார். முழு நிலவையொட்டிக் கூடும் அறிஞர் சங்கத்தில் இருவரும் அங்கத்தினர்கள். (வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே!) 1776-ல் டார்வினின் நோயாளி ஒருத்திக்கு இந்த மருந்தை யோசனை சொன்னவர் விதரிங். டார்வினோ 1780-ல், காலமான தம் மகனுடைய ஆராய்ச்சி நூலின் பின்னிணைப்பில், அந்தச் சிகிச்சையை விதரிங் பெயரே இல்லாமல் வெளியிட்டார். நட்பு முறிந்தது, பிறகு ஒட்டவே இல்லை.

1791-ல் பர்மிங்ஹாமில் நடந்த கலகத்தில் கும்பல் அவர் மாளிகையையும் தாக்க வந்தது, தப்பியது அதிர்ஷ்டம்தான். நுரையீரல் நோய் முற்றவே, இரண்டு குளிர்காலங்களைப் போர்ச்சுகலில் கழித்தார். 1799-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, 58-ம் வயதில் காலமானார். எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக் கல்லில் பாக்ஸ்குளோவைச் செதுக்கியிருக்கிறார்கள்.

மருந்து சிறுநீரைப் பெருக்குவதையே அவர் முக்கியமாகக் கருதினார். இதயத்தின் மீது அதற்கு அலாதியான சக்தி உண்டு என்பதையும் அவர் எழுதாமல் விடவில்லை. சோர்ந்த இதயம் வலுவாகச் சுருங்குவதால்தான் நீர் இறங்குகிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. 1930-ல் சிட்னி ஸ்மித் என்ற ரசாயன நிபுணர் டிகாக்ஸினைப் பிரித்தெடுத்தார். அது விதரிங்கின் ஊதாப் பூவிலிருந்து அல்ல. தென்கிழக்கு ஐரோப்பாவில் வளரும் அதன் உறவுச் செடியிலிருந்து.

டிஜிடாலிஸ் லனாடா என்ற அந்த ஜாதிக்குப் பூக்காம்பில் பஞ்சு போன்ற ரோமம். மங்கலான பூவில் பழுப்பு நரம்புகள். உதடு மட்டும் வெள்ளை. வித்தியாசமான செடிகளில் பிரியமுள்ளவர்கள் குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இதையும், துருநிறப் பூ விடும் பெருகினியாவையும், சிறு மஞ்சள் பூ விடும் லூட்டியாவையும் ஆசையாக வளர்க்கிறார்கள். விதை தூள் போன்றது; மண்ணால் மூடாமல் மேலாகத் தூவினால்தான் வெளிச்சம் பட்டு முளைக்கும். முதல் ஆண்டு பூ வராதது கண்டு பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. கீரைப் பாத்தியின் பக்கத்தில் மட்டும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. பூக்காத பருவத்து இலையை வேறு மூலிகை என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் குடித்து ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு.