மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் படித்தவர்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு சிற்றூர். 1893 மார்ச் 23-ஆம் தேதி அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அவர் பெயர் கட்டாயம் வரும். இந்தியாவின் எடிசன் என்று ஒரு வரி சொல்லி, கண்டுபிடிப்புகளின் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். பட்டியலுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததை நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் கவனித்துப் படித்தேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவன் என்பதால் அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதைப் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆசிரியர்மேல் மண் வீசுகிறவர் எல்லாம் நாயுடு ஆகிவிடுவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றாலும் படிப்பதை அவர் நிறுத்தவில்லை. தோட்டத்தில் காவல் இருந்த நேரங்களில் கைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானே படித்துக்கொண்டார்.

அந்த வயதில்தான் ஊர்ப் பக்கம் ஓர் ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை நாயுடு பார்த்தது அதுவே முதல் தடவை. பார்த்தவர்கள் எல்லாரும் வியந்திருப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்துவைத்து, 300 ரூபாய்க்கு அப்படிப்பட்ட ஒரு வண்டியை வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வண்டியின் பெயர் ரட்ஜ். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் செய்தது. அந்த நிறுவனம் முதலில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. 1911 வாக்கில்தான் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒற்றைச் சிலிண்டர், 499 சி.சி. எஞ்சின், பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகப் பட்டை. இன்று கண்காட்சியில் வைத்தால் சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டிய மாதிரிதான் இருக்கும்.

நம்மில் ஒருவர் மூன்று வருடச் சேமிப்பில் வண்டி வாங்கினால் என்ன செய்வோம்? படம் எடுத்துப் போடுவோம், குர்னி டிரைவ் பக்கம் இரண்டு சுற்று போவோம். நாயுடு அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பிறகு திரும்பப் பூட்டினார். பூட்டிய வண்டி ஓடியது. அதிலிருந்துதான் அவர் மெக்கானிக் ஆனார்.

கழற்றுவது பெரிய காரியமில்லை. சின்னத் தம்பியிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தால் அவனும் கழற்றுவான். பூட்டுவதில்தான் வேலை இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் என் மாமா மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் நான் அவருக்குக் கையாள். டயர் மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டயரை நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டு, காற்றடித்து, சக்கரத்தை மாட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். கப்சாய் வண்டிக்குப் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறார்கள். பெரிய வண்டி வந்தால் மாமா விடமாட்டார். சக்கரத்தின் அச்சைச் செருகி இரண்டு தாங்கிகளின்மேல் கிடத்தி, மெதுவாகச் சுற்றிவிடுவார். சக்கரம் முன்னும் பின்னும் ஆடி ஓரிடத்தில் நிற்கும். எந்தப் பக்கம் கனமோ அது கீழே வந்துவிடும். அதற்கு நேர் எதிரே, மேலே, ரிம்மில் ஒரு சிறிய எடையைத் தற்காலிகமாக ஒட்டுவார். மறுபடி சுற்றுவார். எடையைக் கூட்டுவார், குறைப்பார். எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அங்கேயே அசையாமல் நின்றால்தான் கையைத் துடைப்பார்.

டயர் வட்டமாகத்தானே இருக்கிறது, ஏன் ஒரு பக்கம் கனக்கிறது? வார்ப்பில் ரப்பர் எங்கும் ஒரே அளவாக அமையாது. ரிம்மும் அப்படித்தான். காற்று அடிக்கும் வால்வு வேறு ஓரிடத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. சில புதிய டயர்களின் பக்கவாட்டில் ஒரு சின்ன வண்ணப் புள்ளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பொதுவாக அது டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும். அந்தப் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்துப் போட்டால் ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடாகிவிடும். மீதியைத்தான் எடை ஒட்டிச் சரிசெய்வது.

இதையே என் விரிவுரையில் ஒரு சூத்திரமாகப் படித்தேன். எடை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்க வேண்டும். 17 அங்குல ரிம்மில் ஓரிடத்தில் 20 கிராம் அதிகம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 70 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் வினாடிக்குச் சுமார் 11 முறை சுற்றுகிறது. அந்த 20 கிராம், ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்புறம் இழுக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. பினாங்குப் பாலத்தில் போகும்போது கைப்பிடி சிலருக்கு நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மாமாவுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. எனக்கோ சூத்திரம் தெரிந்தும், எடையை எங்கே ஒட்டுவது என்பதை அவர் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நாயுடு பூட்டிய வண்டி எந்த வேகத்தில் ஓடியதோ தெரியாது. ஆனால் கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவருவது, அச்சை நேராகப் பூட்டுவது, பட்டையைச் சரியான இழுவிசையில் வைப்பது எல்லாமே கையும் கண்ணும் படிக்க வேண்டிய பாடங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவர் அதைப் படித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்குப் பிறகு அவர் வாழ்க்கை நேராக மேலே ஏறிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சுத் தொழிலில் இறங்கி நல்ல பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பெரிதாக வியாபாரம் செய்து, பார்த்த பணத்தை இழந்து ஊர் திரும்பினார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் உதவ, 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு மறுபடி தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில் அதை அவரே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற நிறுவனமாக வளர்ந்து, 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் வைத்திருந்தது. நேரம் தவறாத பேருந்து என்று பெயர் எடுத்தது. வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையும் அவருடையதே. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி செய்தார் என்று அவரைப் பற்றிய பட்டியல்களில் பார்க்கலாம். பேச்சுப் போட்டியில் நாங்கள் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஷேவிங் ரேசருக்குத்தான் கைத்தட்டல்.

அந்த ரேசரையும் சொல்லிவிடுகிறேன். உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் வைத்த ரேசர். ராசண்ட் என்ற பெயரில் ஜெர்மனியில் தயாரானது. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, கள்ள ஓட்டைத் தடுக்கும் வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தது இவற்றைவிடப் பெரிய காரியம் என்பேன். கோயம்புத்தூர் இன்றும் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர்.

மாணவர்களாகிய நமக்கு முக்கியமான கட்டம் 1945. அந்த ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாக நாயுடு முன்நின்றார். அப்போதைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடு அதன் முதல் முதல்வரானார். இன்றைக்கு எந்த நாட்டிலும் இது நடக்குமா என்று தெரியவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவர் கட்சி. பட்டறையில் நேரடியாக வேலை செய்தால் அதற்குள் கற்றுக்கொள்ளலாம் என்றார். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இதில் நான் முழுக்க அவர் பக்கம் இல்லை. கோண வேகத்தின் வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாட்கள் தேவைப்பட்டன. இரண்டே ஆண்டில் அவசர அவசரமாகப் படித்திருந்தால் மனப்பாடம்தான் செய்திருப்பேன். ஆனால் நான்கு ஆண்டு படித்தும் சக்கரத்தைக் கழற்றத் தெரியாத பொறியாளர் இருக்க முடியும் என்பதை நாயுடு அன்றே பார்த்துவிட்டார். என் வகுப்பில் பலர் ஸ்பேனரின் அளவு பார்த்து எடுக்கத் தடுமாறுவார்கள். கணக்கில் அவர்கள் புலிகள்.

எஸ்.பி.எம். முடிவு வரும் நாட்களில் நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் கிடைத்தவருக்குக் கேக் வெட்டுவார்கள். பாலிடெக்னிக் என்றால் பரவாயில்லை என்பார்கள். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் பேச்சை மாற்றுவார்கள். என் சித்தப்பா மகன் மோட்டார் வாகனப் பிரிவில் மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கிறான். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் என்னிடம் மட்டும்தான் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவன் அவன். இத்தனைக்கும் நாயுடுவைப் பற்றி மேடையில் பேசினால் முதலில் கை தட்டுகிறவர்களும் இதே உறவினர்கள்தான்.

நாயுடுவின் பிற்காலத்தில் கசப்பு உண்டு. 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. வரிக் கொள்கையையும் அரசின் போக்கையும் எதிர்த்து, தாம் செய்த பொருள்களையே மக்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். துணிச்சல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது சங்கடமாகத்தான் இருந்தது. மூன்று ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய வண்டியைக் கழற்றினாலும் திரும்பப் பூட்டியவர் அவர். உடைத்ததைப் பூட்ட முடியாது.

1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் காலமானார். அவர் பெயரில் அமைந்த கண்காட்சி கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருக்கிறது. அவர் விலகிய கல்லூரி பிறகு அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறி, தடாகம் சாலைக்கு இடம் மாறிவிட்டது. பழைய இடத்தில் கல்லூரி இல்லை. ஆனாலும் அவிநாசி சாலையில் போகும் பேருந்துகளுக்கு ஹோப் காலேஜ் என்ற நிறுத்தம் இன்னும் இருக்கிறது.