பேச்சு புரியாமல் போவது பைத்தியம் அல்ல
மூளையில் விடை கண்ட டாக்டர் வெர்னிக்கே

விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் கடைக்குப் போகிறவர் காதில் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் கலந்து விழும். விமான இரைச்சலும் அதோடு சேரும். எது சொல், எது வெறும் சத்தம், பேசுகிறவர் கோபமாகப் பேசுகிறாரா, கனிவாகப் பேசுகிறாரா என்று நொடியில் பிரித்து அறிவது மூளை. அந்த மூளையின் இடப் பாதிக்கு ஒரு வேலை. வலப் பாதிக்கு ஒரு வேலை. கேட்ட சொல்லைப் புரிந்துகொள்ள இடப் பாதியில் ஓர் இடம் உண்டு என்று கண்டு சொன்னவர் ஜெர்மன் டாக்டர் கார்ல் வெர்னிக்கே.

இளமை

வெர்னிக்கே 1848-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி டார்னோவிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து 1870-ல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ராணுவ டாக்டராகப் பணியாற்றினார். பிறகு வியன்னா சென்று, மூளை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மெய்னர்ட்டிடம் ஆறு மாதம் பாடம் கேட்டார்.

நேர்மாறான நோய்

அதற்கு முன்பே, 1861-ல், பாரிஸ் டாக்டர் பால் புரோகா ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்திருந்தார். பிறர் பேசுவது அந்த நோயாளிக்கு விளங்கும். பதில் சொல்ல வாய் திறந்தால் டான் என்ற ஒரே ஒலிதான் வரும். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடப் பாதியின் முன்பகுதி கெட்டிருந்தது.

பிரெஸ்லாவ் ஆஸ்பத்திரியில் வெர்னிக்கே கண்டவர்களோ இதற்கு நேர்மாறானவர்கள். தங்கு தடையின்றிப் பேசினார்கள். ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காது கேட்டது, கேட்டது விளங்கவில்லை. இத்தகையவர்களைச் செவிடர் என்றோ, சித்தம் கலங்கியவர் என்றோ எண்ணிவிடுவது எளிதாக இருந்தது.

வெர்னிக்கே அப்படி எண்ணவில்லை. இறந்துபோன ஒரு மூதாட்டியின் மூளையை ஆராய்ந்தபோது, இடக் காதுக்கு மேலே உள்ள மடிப்பு சிதைந்திருந்தது தெரிந்தது. அறிவு கலங்கவில்லை, சொல்லை உணரும் இடம் பழுதாகியிருந்தது. 1874-ல், தம் 26-வது வயதில், இதைச் சிறு நூலாக வெளியிட்டார். இந்த இடத்தையும் புரோகா கண்ட இடத்தையும் இணைக்கும் நரம்புப் பாதை அறுந்தால், புரிதல் இருந்தும் பேசும் சொற்கள் மாறிப்போகும் என்றும் முன்கூட்டியே கணித்தார். அத்தகைய நோயாளிகளைப் பிற்கால டாக்டர்கள் கண்டார்கள்.

வலப் பாதியின் பங்கு

வலப் பாதியின் திறமை பின்னரே தெளிவாயிற்று. கனடாவில் டோரீன் கிமுரா என்ற பெண் விஞ்ஞானி, இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்து சோதித்தார். எண்களை ஒலித்தபோது வலக் காதில் விழுந்தவையே அதிகம் பிடிபட்டன. இது 1961-ல் வெளிவந்தது. மெட்டுகளை ஒலித்தபோது இடக் காது முந்தியது. இது 1964-ல் வெளிவந்தது. வலக் காதின் செய்தி பெரும்பாலும் மூளையின் இடப் பாதிக்கும், இடக் காதின் செய்தி வலப் பாதிக்கும் போவதே காரணம்.

பல், கல் என்ற சொற்களின் வேறுபாடு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் முடிந்துவிடும். அத்தகைய வேகமான மாற்றங்களைப் பிடிப்பதில் இடப் பாதி வல்லது. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதில் வலப் பாதி வல்லது. வா என்று அம்மா அன்பாக அழைத்தாலும் அதட்டி அழைத்தாலும் சொல் ஒன்றே. தொனி வேறு. அதனால்தான் பேச்சிழந்த சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடிவிடுகிறார்கள். 1973-ல் அமெரிக்க டாக்டர்கள் இதையே பேச்சுப் பயிற்சி முறையாக்கினார்கள்.

இரு பாதிகளும் சேர்ந்தே இயங்குகின்றன என்பதும், புரிதல் ஒரே இடத்தில் அடங்கியதல்ல என்பதும் இன்றைய முடிவு. ஆயினும் வெர்னிக்கே காட்டிய வழி பொய்க்கவில்லை.

இறுதிக் காலம்

பெர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெர்னிக்கே, நிர்வாகத்துடன் பிணக்கு ஏற்பட்டு 1878-ல் விலகினார். தனியாக வைத்தியம் செய்து பிழைத்தார். 1885-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1904-ல் ஹாலே நகருக்கு மாறினார். மறு ஆண்டு துரிங்கியா காட்டில் சைக்கிளில் சென்றபோது விபத்தில் சிக்கி, 1905-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி காலமானார். அப்போது வயது 57.

வீட்டில் ஒருவர் திடீரென்று பொருத்தமில்லாமல் பேசினாலோ, நாம் சொல்வது விளங்காமல் விழித்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். கை கால் விளங்காமல் போக வேண்டும் என்பதில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மந்திரிப்பதில் அந்த நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைந்தால், இழந்த சொல் திரும்பக்கூடும். கப்பலையும் படகையும் நம்பியிருக்கும் தீவுகளில் ஒவ்வொரு நிமிடமும் பெரிது.